செல்வராசா வளவின் மாமரம்

நான் ஓய்வு பெற்ற பிறகும் அலுவலகத்துப் பிள்ளைகள் இடைக்கிடை உடுவிலில் உள்ள என் வீட்டுக்கு வந்து போவதுண்டு. சென்ற மாதம் புதிதாக நியமனம் பெற்ற இரண்டு விவசாயப் போதனாசிரியைகள் வந்திருந்தார்கள். வீட்டுவளவில் பழமரம் வளர்ப்பது பற்றி ஒரு வகுப்பு நடத்த வேண்டுமாம். தேசிக்காய் மரத்துக்கு என்ன புழு, மாமரத்துக்கு என்ன தத்துப்பூச்சி, மாதுளங்காய் ஏன் வெடிக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். எழும்பிப் போகிற நேரத்தில் ஒருத்தி கேட்டாள்.

"அக்கா, உங்கடை காலத்திலை உங்களை நல்லாக் கஷ்டப்படுத்தின பயிர் வருத்தம் எது?"

"மயிலிட்டியிலை ஒரு மாமரத்துக்கு வந்தது" என்றேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. வாசலில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய கதையல்ல அது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலையில் சேர்ந்தது ஐம்பத்தாறில். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலையில் மண்வெட்டி, பின்னேரம் புத்தகம், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். முடித்து வந்தபோது, பெண் பிள்ளை என்றபடியால் ஜாம் காய்ச்சவும் ஊறுகாய் போடவும் சொல்லிக்கொடுக்கத்தான் அரசாங்கம் அனுப்பியிருக்கிறது என்று ஊரில் எல்லாரும் நினைத்தார்கள். நான் கையில் கவாத்துக் கத்தரிக்கோலோடு படலையைத் திறந்ததும் சிலர் திகைத்துப்போனார்கள்.

முதலாவதாகப் போன வீடு, எனக்குத் தாவரவியல் படிப்பித்த ஆசிரியையின் வீடு. அவருடைய தோடம்பழ மரம் அடிப்பட்டை வெடித்து, பிசின் வடித்து நின்றது. நாள்தோறும் வாளி வாளியாகத் தண்ணீரை அடிமரத்திலேயே ஊற்றி, வேர் குளிரட்டும் என்று மண்ணையும் கழுத்தளவுக்கு அணைத்து வைத்திருந்தார். நான் மண்ணை விலக்கி, அழுகிய பட்டையைச் செதுக்கி, மரத்திலிருந்து தள்ளி வட்டமாகப் பாத்தி வெட்டத் தொடங்கினேன்.

"எனக்குப் படிப்பிக்க வந்தனியோ?" என்றார் அவர்.

"ஓம் ரீச்சர்" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர், "அப்ப வடிவாப் படிப்பி" என்று சொல்லிக் கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மரம் பிழைத்தது. அந்த 'ஓம்' சொன்ன அன்றைக்கே எனக்கு இந்த வேலை பிடித்துப்போய்விட்டது.

என் மேலதிகாரி கதிரவேலர். சாவகச்சேரிக்காரர். வெள்ளைக் காற்சட்டையைக் கெண்டைக்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டுதான் ஒரு வளவுக்குள் இறங்குவார். இறங்கியதும் நோய் பிடித்த மரத்துக்குக் கிட்டப் போகமாட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வளவு முழுவதையும் ஒருதரம் சுற்றிவருவார். கிணற்றடி, மாட்டுக்கொட்டில், குப்பைக்கிடங்கு, அயல் வேலி எல்லாம் பார்த்து முடிந்த பிறகுதான் மரத்தடிக்கு வருவார். வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "ஆர் தண்ணி விடுறது?" என்பதுதான். அதற்கிடையில் வீட்டுக்காரர் தேநீர் கொண்டுவந்தால், "பாத்து முடியட்டும்" என்பார். முடிந்த பிறகு இரண்டு கோப்பை குடிப்பார்.

எங்களை அவர் பழக்கிய விதமும் அப்படித்தான். "நீர் கண்டது என்ன? நினைச்சது என்ன? ரெண்டையும் கலக்காமல் சொல்லும்" என்பார். இலை மஞ்சளாகியிருக்கிறது என்றால் அது கண்டது. பசளை போதாது என்றால் அது நினைத்தது. நாங்கள் கலந்து சொன்னால் திட்டமாட்டார். கேளாதவர் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். அது திட்டுவதிலும் மோசம்.

ஒருமுறை சாவகச்சேரியில் ஒரு வீட்டில், பலாப்பிஞ்சு எல்லாம் கறுத்துக் கறுத்து விழுகிறது, யாரோ கண்வைத்துவிட்டார்கள் என்று முறைப்பாடு. கதிரவேலர் விழுந்து கிடந்த ஒன்றை எடுத்து வகிர்ந்து காட்டினார். "இது பிஞ்சு இல்லை, ஆண்பூ. மகரந்தத்தைக் குடுத்த பிறகு இதுக்கு மரத்திலை வேலை இல்லை. கறுத்து விழும். ஒரு வருத்தமும் இல்லை" என்றார்.

வீட்டுக்காரர் முகம் சுருங்கிப்போய், "அப்ப ஆம்பிளையள் எல்லாம் வேலை முடிய விழுந்து அழுகுறதுதானோ?" என்றார்.

உள்ளே இருந்து மனைவியின் குரல் வந்தது. "அதுகள் விழுந்தாலும் பசளையாகுது."

கதிரவேலர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

அவருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. வீட்டுக்காரரின் சண்டை சச்சரவுக்குள் நாங்கள் தலைவைக்கக்கூடாது. "மரத்தைப் பற்றிக் கதையும். ஆக்களைப் பற்றிக் கதைக்கிறது எங்கடை உத்தியோகம் இல்லை" என்பார். யாழ்ப்பாணத்தில் வேலிக்கும் எல்லைக்கும் எத்தனை வழக்கு நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாட்டின் அருமை விளங்கும். வேலியோரத்து மரத்தைப் பார்க்கப் போன உத்தியோகத்தரைச் சாட்சிக்கூட்டில் ஏற்றிவிடுவார்கள்.

அறுபதுகளில் முந்திரிகைச் செய்கை பரவியபோது என் பெயர் வலிகாமம் முழுவதும் அடிபட்டது. திராட்சையை நாங்கள் முந்திரிகை என்றுதான் சொல்லுவோம். அறுவடை முடிந்ததும் கொடியை ஒட்ட வெட்டவேண்டும் என்று சொல்லப்போய், "காய்க்கிற கொடியை வெட்டச் சொல்லுறாவாம்" என்று கிணற்றடிகளில் கதையானேன். வெட்டியவர்கள் அடுத்த போகத்தில் குலைகளைப் பார்த்துவிட்டு வேறு கதை கதைத்தார்கள்.

மாரியில் முந்திரிகை இலையின் அடியில் வெண்பூஞ்சணம் படர்ந்தால், அதைக் கொல்லப் போர்டோக் கலவை தெளிப்போம். அதை எப்படிக் கலப்பது என்பதை எத்தனையோ முற்றங்களில் நின்று காட்டியிருக்கிறேன். மயில்துத்தத்தைச் சீலைத்துண்டில் முடிந்து, மண்பானைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டுக் கரையவிடவேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. இன்னொரு பானையில் சுண்ணாம்பை நீற்றி வடித்து வைத்து, நீலத் தண்ணீரைச் சுண்ணாம்புப் பாலுக்குள் மெல்ல ஊற்றிக் கலக்கவேண்டும். பிறகு மினுக்கிய கத்தி ஒன்றைக் கலவைக்குள் பிடித்து எடுத்துப் பார்க்கவேண்டும். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இலை கருகும், இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று அர்த்தம். கத்தி வெள்ளையாக வந்தால் தெளிக்கலாம். கலந்த அன்றைக்கே தெளித்து முடிக்கவேண்டும். இதில் ஒன்றையும் குறுக்கு வழியில் செய்ய முடியாது.

செல்வராசா அலுவலகத்துக்கு வந்தது அந்த முந்திரிகைக் காலத்தில்தான். மயிலிட்டியில் சொந்தமாக வள்ளம் வைத்துத் தொழில் செய்கிற மனிதர். உயரமானவர், வெயிலில் கறுத்தவர். கதிரையில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பிள்ளை, என்ரை மாமரத்துக்கு உப்புத்தண்ணி ஊத்திக் கொல்லுறாள். நல்ல கறுத்தக்கொழும்பான் இனம். முந்திரிகைக் கொடியும் கருகிப்போச்சு. நீங்கள் ஒருக்கால் வந்து பாத்து, ஓம், உப்புத்தான் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும். மிச்சத்தை நான் கோட்டிலை வழக்கு வைச்சுப் பாக்கிறன்."

"ஆர் ஊத்தினது?"

"என்ரை தம்பியின்ரை பெண்சாதி. கருவாடு போடுறவள். தொட்டி கழுவுற தண்ணியை வேலியாலை ஊத்துறாள். கிணத்துக்குள்ளையும் ஊத்தியிருக்கிறாள். தேத்தண்ணி வாயிலை வைக்கேலாது."

"உப்பு எண்டு எப்பிடித் தெரியும்?"

"கடலிலை நிக்கிறவனுக்கு உப்புத் தெரியாதோ? அடிமண்ணை நாக்கிலை வைச்சுப் பாத்தனான்."

அடுத்த கிழமை போனேன். கதிரவேலர் செய்வதைப்போல முதலில் வளவைச் சுற்றினேன். மணல் பாங்கான பெரிய வளவு. நடுவே புதிய கிடுகு வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் செல்வராசாவின் கல்வீடும் கிணறும். அந்தப் பக்கம் ஒரு ஓலைவீடும் கருவாடு காய்கிற பாய்களும். வேலியில் ஓர் இடத்தில் ஆள் நுழைந்து போகும் பொட்டு இருந்து, அதை முள்ளும் கிடுகும் வைத்து அடைத்திருந்தார்கள்.

மாமரம் அந்த வேலியோரத்தில் நின்றது. இலை நுனியும் ஓரமும் தீயில் வாட்டியதுபோலப் பழுப்பாகியிருந்தன. மரத்தை எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்த்தேன். வேலிப் பக்கக் கிளையும் வீட்டுப் பக்கக் கிளையும் ஒரே மாதிரித்தான் கருகியிருந்தன. முந்திரிகைப் பந்தல் வளவின் மறுகோடியில், வேலியிலிருந்து எவ்வளவோ தூரத்தில் இருந்தது. அங்கே நிலைமை மாமரத்தைவிட மோசம். வாழை இலைகளின் ஓரமும் எரிந்திருந்தது. உப்புத்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

செல்வராசா என்னை வேலியருகே கூட்டிக்கொண்டுபோய் அந்தப் பக்கத்தைக் காட்டினார். இரண்டு மாதுளையும் ஒரு தேசியும் பச்சைப் பசேலென்று நின்றன.

"பாருங்கோ. அவளின்ரை மரம் மட்டும் செழிப்பு. இதுக்கு மேலை என்ன சாட்சி வேணும்?"

"உங்கடை மரங்களுக்கு ஆர் தண்ணி விடுறது?"

அவருடைய முகம் மலர்ந்தது. கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மண்ணெண்ணெயில் ஓடும் புத்தம் புதிய இறைப்பு மிசின் ஒன்று சாக்குப் போர்த்தபடி நின்றது. அந்தக் குறிச்சியிலேயே முதல் மிசின் அதுதான். விடிய இழுத்து விட்டால் உச்சிவெயில் வரைக்கும் ஓடுமாம். கையால் தண்ணீர் அள்ளும் துலாவை அவர் கழற்றிச் சாத்திவிட்டார்.

"எப்ப வாங்கினது?"

"போன தையிலை."

"மரம் எப்ப கருகத் தொடங்கினது?"

"சித்திரை, வைகாசியிலை." சொல்லிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "ஏன் கேக்கிறியள்?"

நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். எங்கள் குடாநாட்டில் கிணற்று நல்ல தண்ணீர், அடியிலுள்ள உப்புத் தண்ணீரின் மேல்தான் நிற்கிறது, கறியின் மேல் எண்ணெய் நிற்பதைப்போல. துலாவால் அள்ளும்போது மேலே உள்ளது மட்டும் வரும். மிசின் இழுக்கிற இழுவையில் மேல் தண்ணீர் முடிந்து, அடியிலுள்ள உப்பு மேலே ஏறிவிடும். கரையோரத்தில் இன்னும் சுறுக்காக ஏறும். படித்த விடயம்தான். ஆனால் அந்த வளவில் அதுதான் நடந்தது என்பது அப்போதைக்கு நான் நினைத்தது, கண்டதல்ல.

திரும்பும்போது வேலிக்கு வெளியேயுள்ள ஒழுங்கையால் சுற்றி மற்ற வீட்டுக்குப் போனேன். தம்பியின் மனைவி புவனம் பாயில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"என்னை ஒத்துக்கொள் எண்டு கேக்க வந்தனீங்களோ?"

"இல்லை. உங்கடை மாதுளைக்கு எங்கத்தையத் தண்ணி எண்டு கேக்க வந்தனான்."

அவள் என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். பொட்டை அடைத்த பிறகு, பின்வளவு மணலில் தானே கையால் ஒரு பூவல் தோண்டியிருந்தாள். முழங்கை ஆழமான சின்னக் குழி. அதில் ஊறும் தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தை நிரப்பவேண்டும். நான் அள்ளிக் குடித்தேன். நல்ல தண்ணீர்.

"ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரம் செல்லும்?"

"உலை கொதிச்சு ஆறிப்போம்" என்றாள். பிறகு தானாகவே சொன்னாள். "அந்த மாங்கண்டு எங்கடை அவர் வைச்சது ரீச்சர். கலியாணம் முடிச்ச வருஷம், நானும் பக்கத்திலை நிண்டனான். அதுக்கு நான் உப்பு ஊத்துவனோ?"

அவளுடைய கணவன் தங்கராசா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. காய்ச்சல் என்று அன்றைக்கு அண்ணன் படுத்துவிட, அண்ணனின் வள்ளத்தைத் தம்பி கொண்டுபோயிருக்கிறான். செத்தவீட்டில் எல்லாருக்கும் கேட்கும்படி இவள் செல்வராசாவைப் பார்த்து, "நீங்கள் போயிருக்கவேண்டிய கடல்" என்று கத்தியிருக்கிறாள். அவர் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லை. வேலி மட்டும் வந்தது.

"அண்டைக்குச் சொன்னது அவருக்கு ஆறேல்லை. எனக்கும் ஆறேல்லை. அதுக்காகக் கிணத்துக்கு நஞ்சு வைச்சவள் எண்டு ஊர் சொல்லுது. நான் போடுற கருவாட்டை இஞ்சை ஒருத்தரும் தொடுறேல்லை. நான் எங்கை போறது, சொல்லுங்கோ?"

அலுவலகத்துக்குத் திரும்பி, கண்டதையும் நினைத்ததையும் பிரித்துக் கதிரவேலரிடம் சொன்னேன். அவர் வேறு பக்கம் பார்க்கவில்லை. கேட்டு முடிந்ததும், "அப்ப கிணத்தைத்தான் கேக்கவேணும்" என்றார்.

அவர் வகுத்த ஒழுங்கு இதுதான். ஒரு கிழமைக்கு மிசினை நிறுத்தி வைப்பது. துலாவை மீண்டும் பூட்டி, வீட்டுத் தேவைக்கு மட்டும் அள்ளுவது. பிறகு நாங்கள் போய்த் தண்ணீரைச் சோதிப்பது. அதே காலையில் மிசினை ஓடவிட்டு, மத்தியானம் மறுபடியும் சோதிப்பது. அந்த நேரம் முழுவதும் புவனம் எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால் இருக்கவேண்டும்.

செல்வராசா முதலில் சம்மதிக்கவில்லை. "இந்த வெக்கையிலை தண்ணி விடாட்டில் மரம் செத்துப்போம்" என்றார்.

"செத்தால் என்ரை பேரிலை வழக்கு வையுங்கோ" என்றார் கதிரவேலர்.

குறித்த நாளில் நாங்கள் இறங்கியபோது வளவில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். புவனம் ஒழுங்கையால் சுற்றிவந்து, முற்றத்து வேப்பமரத்தின் கீழ் ஒரு சாக்கில் தனியாக உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் போய் அவளுக்கு அருகில் என் குடையை வைத்துவிட்டு வந்தேன்.

கதிரவேலர் பையிலிருந்து கண்ணாடிக் குழாய்களையும் வெள்ளிநைத்திரேற்றுக் கரைசல் போத்தலையும் எடுத்தார். அதில் சில துளிகளை விட்டால், தண்ணீரில் உப்பு இருக்கும் அளவுக்கு அது வெள்ளையாகத் திரளும். துலாவால் அள்ளிய தண்ணீரைக் குழாயில் ஊற்றித் துளிவிட்டார். மெல்லிய புகைபோல ஒரு மங்கல் மட்டும் வந்தது. பிறகு அதே வாளியைச் செல்வராசாவிடம் நீட்டினார்.

"நாக்கிலை வைச்சுப் பாருங்கோ."

செல்வராசா கையில் ஏந்திக் குடித்தார். இன்னொரு கை அள்ளிக் குடித்தார்.

"எப்பிடி?"

"நல்ல தண்ணி" என்றார் மெதுவாக.

மிசினை இழுத்து விட்டார்கள். அதன் சத்தத்தில் யாரும் யாரோடும் கதைக்க முடியவில்லை. வெயில் ஏறிக்கொண்டு போனது. கதிரவேலர் கிணற்றுக்கட்டில் கைகட்டி நின்றார். செல்வராசாவின் மனைவி இராசம் தேநீர் கொண்டுவந்தாள். "பாத்து முடியட்டும்" என்றார். புவனம் தலையைக் குனிந்து மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நினைத்தது பிழையாகிப்போனால், அவளுடைய கழுத்தில் கயிற்றை இறுக்கியது நானாகவே இருக்கும்.

உச்சிவேளையில் மிசினை நிறுத்தச் சொன்னார். குழாயில் பிடித்த தண்ணீரில் துளி விழுந்ததும் அது தயிராகத் திரண்டது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். செல்வராசா கேட்காமலே வாளிக்குள் கையை விட்டு நாக்கில் வைத்தார். அவருடைய முகம் மாறியது. துப்பவில்லை, விழுங்கினார்.

கதிரவேலர், மேலே நல்ல தண்ணீர், கீழே உப்பு, இடையில் மிசின் என்று பிள்ளைகளுக்கும் விளங்கும்படி சொல்லி முடித்துப் போத்தலை மூடினார். அதோடு அவருடைய வேலை முடிந்தது. அப்போது கூட்டத்தில் நின்ற வயதான உறவினர் ஒருவர் சொன்னார்.

"சரி, மிசினாலையும் உப்பு வருகுது. எண்டாலும் உவள் ஊத்தேல்லை எண்டு ஆர் கண்டது?"

இரண்டொருவர் தலையாட்டினார்கள். புவனம் நிமிரவில்லை. கதிரவேலர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். போகலாம் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். மரத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று. ஆனால் நாங்கள் அப்படியே படலையால் வெளியே போனால், அந்த ஒரு கேள்வி அவளோடு காலம் முழுக்க இருக்கும்.

"நான் சொல்லுறன்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "வேலியாலை ஊத்தியிருந்தால் வேலிப் பக்கத்து வேர்தான் முதல் சாகும். அந்தப் பக்கத்துக் கிளைதான் முதல் காயும். வந்து பாருங்கோ, மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி எரிஞ்சிருக்கு. எல்லாத்திலையும் கூடக் கருகினது அந்தக் கோடியிலை நிக்கிற முந்திரிகை. அவ்வளவு தூரத்துக்கு இஞ்சையிருந்து ஆர் ஊத்திறது? கிணத்துக்குள்ளை ஊத்தினதெண்டால் காலமையே கரிச்சிருக்கும்; அவ எங்கடை கண்ணுக்கு முன்னாலை இருக்கத்தானே உப்பு ஏறினது. மிசின் தண்ணி போன இடமெல்லாம் கருகியிருக்கு, போகாத இடம் பச்சையா இருக்கு. புவனம் ஒரு பிழையும் செய்யேல்லை. செய்தவ எண்டு இனி ஆரும் சொன்னால், அது பொய் எண்டு தெரிஞ்சுகொண்டு சொல்லுறதுதான்."

செல்வராசா மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டுக்குள் போய்விட்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் அதுவரை ஒரு சொல்லும் கதையாத இராசம், தேநீர்த் தட்டைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு நேரே வேலிக்குப் போனாள். பொட்டில் கட்டியிருந்த முள்ளை வெறுங்கையால் இழுத்து எறிந்தாள். கிடுகைப் பிய்த்தாள். கையில் கீறி இரத்தம் வந்தது. திரும்பி வேப்பமரத்தடியைப் பார்த்து, "குடத்தை எடுத்துக்கொண்டு வா" என்றாள். புவனம் அப்போதுதான் அழுதாள்.

தெல்லிப்பழை வந்தபோது பஸ்ஸில் கதிரவேலர் என் பக்கம் திரும்பினார். நான் ஏச்சுக்குத் தயாராக இருந்தேன்.

"நீர் கடைசியிலை சொன்னது மரத்தைப் பற்றி இல்லை" என்றார்.

"இல்லை சேர்."

"கோட்டிலை கூப்பிட்டால்?"

"அங்கையும் இதைத்தான் சொல்லுவன் சேர்."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். இறங்கும் இடம் வந்தபோது, "கண்டதை வைச்சுத்தான் சொன்னீர்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சிக்கலான வளவுகளுக்கு அவர் என்னைத் தனியாகவே அனுப்பினார். நான் போனேன். ஒன்றிலும் பயந்து திரும்பியதில்லை.

வழக்கு நடக்கவில்லை. மரத்துக்கு நான் செய்வித்தது பெரிய வித்தை ஒன்றுமல்ல. மிசினின் உறிஞ்சு குழாயை உயர்த்திக் கட்டி, காலையில் சிறிது நேரம் மட்டும் ஓடவிடச் சொன்னேன். அடியில் பூவரசங்குழையும் வைக்கோலும் பரப்பி ஈரம் காக்க வைத்தேன். மாரி தொடங்குமுன் மரத்தைச் சுற்றி அகலமான வரம்பு கட்டுவித்தேன். விழுகிற மழை ஓடிப்போகாமல் நின்று இறங்கினால், மண்ணிலுள்ள உப்பைக் கழுவிக்கொண்டு கீழே போகும். ஐப்பசி, கார்த்திகை மழை அந்த வருடம் நன்றாகப் பெய்தது. தையில் செம்பு நிறத்துத் தளிர் வந்தது. முந்திரிகைக் கொடி தப்பவில்லை. அதைப் பிடுங்கித்தான் எறிந்தோம்.

பொட்டுத் திறந்ததே தவிர, செல்வராசாவும் புவனமும் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. அவள் தண்ணீர் அள்ள வந்தால் அவர் எழும்பி உள்ளே போய்விடுவார். நான் போகும்போதெல்லாம் அதைக் கண்டேன்.

அடுத்த வருடம் புவனம் தன் வளவில் முந்திரிகை வைக்கப்போவதாகச் சொன்னாள். அரசாங்கப் பண்ணையிலிருந்து நல்ல முந்திரிகைத் தடி இரண்டு கொண்டுபோய் நட்டுக்கொடுத்தேன். கொடி ஏறத் தொடங்கியது. பந்தல் போட ஆள் பிடிக்கவேண்டும் என்று சொல்லியிருந்தேன். அதற்கடுத்த முறை போனபோது, பொட்டுக்குள்ளால் நீளமான மரங்களைத் தோளில் வைத்துக்கொண்டு செல்வராசா வந்துகொண்டிருந்தார். பழைய பாய்மரங்கள். கூடவே ஒரு கட்டு வலைக்கயிறும். என்னைக் கண்டு தலையசைத்தார். யாரையும் கேட்காமல் குழி தோண்டிப் பந்தற்கால் நட்டார். கயிற்றை எடுத்துக் கடற்காரன் போடுகிற முடிச்சுகளாகப் போட்டுக் கட்டத் தொடங்கினார். புவனம் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடியப்போகிற நேரத்தில் அவள் என்னிடம் வந்தாள். பத்தடி தூரத்தில் அவர் நிற்கிறார்.

"ரீச்சர், அவரிட்டைச் சொல்லுங்கோ, தெற்குப் பக்கத்துக் கால் சரிஞ்சு நிக்குது."

நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. அவர் போய் அந்தக் காலைப் பிடித்து அசைத்து, அடியில் மண் போட்டு மிதித்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பந்தலைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டார்.

"பிள்ளை, இப்ப சரியோ எண்டு கேளுங்கோ."

கத்தரிக்கோலை எடுத்துக் கொடியின் பக்கக் கிளைகளைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

"இன்னும் கொஞ்சம் கிழக்குப் பக்கமாத் தள்ளவேணும்" என்றாள் புவனம், அவரைப் பார்த்து.

அவர் தள்ளினார்.